வெள்ளைக்காரன் காலத்து ஓவர்சியர்

ஒருவர் சிரிக்கச் சிரிக்க நமக்குச் சொன்ன கதையை, பல வருடம் கழித்து அவருக்கே எதிரான சாட்சியாக எழுதிக் கொடுக்கலாமா? போன ஐப்பசி மழையிலிருந்து இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. மகளுக்குத் தலை பின்னிவிடும்போது வருகிறது. அடுப்பில் பால் பொங்கி வழியும்போது வருகிறது. பதில் மட்டும் வரவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா கூடாதா என்பதுதான் என் பிரச்சினையே. மலைமேல் இருக்கும் எங்கள் ஊரில் எல்லாருக்கும் அவர் ஓவர்சியர். சாலைகளையும் அரசுக் கட்டடங்களையும் பார்த்துக்கொள்ளும் துறையில் அவருக்கு வேலை. அந்தப் பதவிக்கு அதற்குள் வேறு பெயர் வந்துவிட்டது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் மலையில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பெயர்தான் நிலைத்திருந்தது. அவர் தங்கியதும் அவர்கள் விட்டுப்போன கல் பங்களாவில்தான், ஓர் அறையில். குடும்பம் மலைக்குக் கீழே இருந்தது. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குவார், சனிக்கிழமை மதியம் அதே பஸ்ஸில் மலையிறங்கிப் போவார். வளப்பூர் நாடு என்று மலையில் சொல்லப்படும் எங்கள் ஊர்ப்பகுதியில் அந்தப் பங்களாவுக்கு அடுத்த வீடு எங்களுடையது. எங்கள் வீட்டுச் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் அவருக்குப் பிடிக்கும். அம்மா ஒரு தூக்குப்போசியில் ஊற்றிக் கொடுப்பாள், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன்.

குள்ளமான மனிதர். கோடையிலும் கழுத்தில் மஃப்ளர் இருக்கும். எங்கே போய் நின்றாலும் முதலில் பக்கத்தில் உள்ள சுவரை விரல் முட்டியால் மெல்லத் தட்டுவார், மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுப்பதுபோல. பேசும்போது அவர் கண் எதிரில் இருப்பவரின் முகத்தைவிட்டு அகலாது. அதனால்தானோ என்னவோ, அவரிடம் எதையாவது கேட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பியதில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. தன் காலத்தில் நடந்ததாக எதையுமே அவர் சொல்லமாட்டார். எல்லாமே வெள்ளைக்காரன் காலத்தில், மராமத்து இலாகாவில், ஒரு ஓவர்சியருக்கு நடந்ததாகத்தான் இருக்கும்.

பஸ் நிற்கும் இடத்தில் உள்ள டீக்கடையில் ஒருநாள் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அப்பாவோடு நானும் நின்றிருந்தேன்.

"வெள்ளைக்காரன் காலத்துல ஒரு ஓவர்சியர் இருந்தானுங்க. ரோட்டுல மூணு எடத்துல சின்னப் பாலங் கட்டோணும்னு உத்தரவு. அவன் கட்டுனது ஒண்ணே ஒண்ணு. அளந்து பாக்கத் தொரை வாரான். தொரை நடக்கமாட்டான், அட்டைக்குப் பயம். டோலியில உக்கார வெச்சுத் தூக்கிட்டுப் போகோணும். இவன் என்ன பண்ணுனான், பனி எறங்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்தான்."

"எறங்குச்சுங்களா?" என்றார் டீக்கடைக்காரர்.

"நம்ம மலையில எறங்காமப் போகுமா? எதுக்க நிக்கிற ஆளு தெரியலை. தூக்குற ஆளுங்களுக்குக் கண்ணைக் காட்டுனான். ஒருக்கா மேல இருந்து கீழ தூக்கிட்டுப் போனாங்க. ஒருக்கா கீழ இருந்து மேல. இன்னொருக்காக் காட்டுக்குள்ள சுத்திக்கிட்டுப் பக்கவாட்டுல. அதே பாலந்தான். தொரை எறங்கி ஓவர்சியர் கையப் புடிச்சுக் குலுக்கி, 'மூணும் ஒரே மாதிரி இருக்குது, பலே'ன்னானாம்!"

கடையே சிரித்தது. டீக்கடைக்காரர் மட்டும் விடவில்லை. "ஏனுங், தூக்குன ஆளுங்களாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்?"

"அவங்க எதுக்குச் சொல்லோணும்? மூணு நடைக்கும் கூலி வாங்கிட்டாங்களே."

இதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு நடந்து வரும் வழியில், "டோலியாவது ஒண்ணாவது. போன மாசம் வந்தாரே பெரிய ஆபீசரு, ஜீப்புல. அவருதான் அந்தத் தொரை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எனக்கு அப்போது அது புரியவில்லை.

புரிந்தது அடுத்த வருடம். மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறிய அப்பா தவறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பஸ் போய்விட்டிருந்தது. ஆம்புலன்ஸ் கீழேயிருந்து ஏறி வரவேண்டும். அம்மா பங்களாவுக்கு ஓடினாள். ஓவர்சியர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து துறையின் ஜீப்பை எடுக்கச் சொன்னார். பின் இருக்கையில் அப்பாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வளைவு வளைவாக இறங்கி அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி நாமக்கல் ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போனார். அந்த ஜீப் அன்று போயிருக்கவேண்டியது வேறு வேலைக்கு. காரவள்ளியில் ஒரு மேலதிகாரி, தன்னை மேலே அழைத்துப் போக வண்டி வரும் என்று பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாராம். வண்டி அவரைக் கடந்து போயிருக்கிறது.

அப்பா கட்டுப்போட்டுக்கொண்டு வீடு திரும்பியபின் ஓவர்சியர் பார்க்க வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரைத் தட்டிவிட்டு, ஆரம்பித்தார்.

"வெள்ளைக்காரன் காலத்துல ஒரு ஓவர்சியர், தொரையோட குதிரையக் கேக்காமக் கொள்ளாம எடுத்துட்டுப் போயிட்டானுங்க. மெளகு பறிக்கிறவன் ஒருத்தன் மரத்துல இருந்து உழுந்துட்டான், அவனை ஏத்திக்கிட்டு. அடிவாரத்துல தொரை நின்னு பாக்கறான், அவங் குதிரை அவனையே தாண்டிக்கிட்டுப் போகுது!"

"அப்பறம் தொரை சும்மாவா உட்டான்?" என்றார் அப்பா, வலியோடு சிரித்துக்கொண்டு.

"குதிரைக்கு வயித்துவலி, வைத்தியருகிட்டக் கூட்டிட்டுப் போனேன்னு எழுதிக் குடுத்துட்டான். தொரை எரக்கப்பட்டுக் குதிரைக்கு ஒரு வாரம் லீவு குடுத்தானாமா."

"அந்த மெளகு பறிச்சவன் பொழைச்சானுங்களா?"

"பொழைக்காம? கட்டில்ல படுத்துக்கிட்டு ஊர்க்கதை கேட்டுட்டு இருக்கறான்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், அழுதாள். வெள்ளைக்காரன் காலம் என்றால் போன வாரம் என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அவர் கதையை நிறுத்திவிடுவார் என்று நினைத்தோமோ என்னவோ.

அதன்பின் கவனித்தால் ஊரில் எங்கே பார்த்தாலும் துறையின் பொருள் இருந்தது. கல்யாண வீட்டுப் பந்தலுக்குத் துறையின் தார்ப்பாய் வந்தது. கோயில் படிக்குத் துறையின் சிமெண்ட் வந்தது. கேட்டவர்களுக்குக் கொடுத்தார். தனக்கென்று எடுத்துக்கொண்டாரா, காண்ட்ராக்டர்களோடு அவருக்கு என்ன ஏற்பாடு இருந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதக்கூடாது என்று ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி நிறுத்தி யோசிக்கிறேன். நான் பார்த்தது கொடுத்ததை மட்டும்தான்.

பள்ளிக்கூடத்துச் சுவரைக் கட்டியது அந்தச் சமயத்தில்தான். எங்கள் ஊர்ப் பள்ளி, ரோட்டுக்குக் கீழே, மலையை வெட்டிச் சமன்செய்த இடத்தில் இருக்கிறது. வெட்டிய மண் சரிந்து பள்ளியின் மேல் விழாமலிருக்க, கடைசி வகுப்பறைக்குப் பின்னால் உயரமாக ஒரு கல் சுவர் எழுப்பினார்கள். இப்படிப்பட்ட சுவர்களில் குழாய்கள் நீட்டிக்கொண்டிருப்பதை மலைப்பாதையில் வருகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். சுவருக்குப் பின்னால் உள்ள மண் மழைநீரைக் குடித்துக் கனத்துவிடும். அந்தத் தண்ணீர் வெளியே வடிவதற்காக, சுவரின் முழுக் கனத்துக்கும் ஊடுருவிப் போகும்படி குழாய் வைப்பார்கள். வடியாவிட்டால் தண்ணீர் சுவரைத் தள்ள ஆரம்பிக்கும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். செல்போனில் தேடித் தேடிப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவள் நான். அப்போது எனக்குத் தெரிந்தது வேறு. பள்ளிக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் நீள நீளமாகக் குழாய்கள் அடுக்கியிருந்தார்கள். நாங்கள் அவற்றின் ஒரு முனையில் வாயை வைத்துக் கூவி விளையாடினோம்.

எங்கள் தெருவில் அப்போது தண்ணீர் கிடையாது. மேலே பாறையிடுக்கில் இருக்கும் சுனையிலிருந்து குடத்தில் சுமந்து வரவேண்டும். மழைக்காலத்தில் அந்தத் தடம் வழுக்கும். அம்மா ஒருமுறை குடத்தோடு சறுக்கி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டாள். சோறு கொண்டுபோன என்னோடு அன்று அவளும் பங்களாவுக்கு வந்தாள்.

"ஏனுங் சார், அந்தச் சொனைத் தண்ணி ஊட்டுப் பக்கம் வர்ற மாதிரி எதாச்சும் பண்ணிக் குடுங்க. பஞ்சாயத்துல கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு."

அவர் அம்மாவின் முழங்கையைப் பார்த்தார். "சரிங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

சில வாரங்களில் தண்ணீர் வந்துவிட்டது. சுனையிலிருந்து எங்கள் தெரு வரைக்கும் குழாய். ஒவ்வொரு வீட்டுப் பின்புறமும் ஒரு கிளை. அம்மா குழாய்க்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். தெருப் பெண்கள் எல்லாம் சேர்ந்து பொங்கல் வைத்தார்கள். குழாயின் நிறம் சாம்பல் என்பதை நான் பார்த்தேன். ஆனால் யோசிக்கவில்லை. சிறு பெண் என்ன யோசிப்பாள்?

ஒரு மாலை ஓவர்சியர் எங்கள் வீட்டுப் பின்புறம் வந்து அந்தக் குழாயில் சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவராகவே பேச்செடுத்தார்.

"வெள்ளைக்காரன் காலத்துல ஒரு ஓவர்சியர் மலையடியில செவுரு கட்டுனான் கண்ணு. தண்ணி வடியக் கொழாய் வெக்கோணும். முழுக் கொழாய வெக்கறதுக்குப் பதிலா ஒரு ஜாணு ஜாணாத் துண்டு போட்டு, செவுத்து மூஞ்சியில மட்டும் செருகி உட்டுட்டான். வெளியில நின்னு பாத்தா எல்லாஞ் சரியா இருக்கும். ஆக்ஸா பிளேடுல அறுக்கறப்ப அந்தப் பிளாஸ்டிக்குத் தூளு பறக்கும் பாரு, மூக்கெல்லாம் ஏறி நாலு நாளைக்குத் தும்மலு."

எனக்குச் சரித்திரப் பாடத்தில் எப்போதும் நல்ல மதிப்பெண். "வெள்ளைக்காரன் காலத்துல ஏதுங்க சார் பிளாஸ்டிக்?" என்றேன்.

காலைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. கொஞ்சம் கழித்துத்தான் சிரித்தார். "மண் கொழாய்னு வெச்சுக்க சாமி. கெட்டிக்காரப் புள்ள நீ."

"மீதிக் கொழாய என்ன பண்ணுனாருங்க அந்த ஓவர்சியரு?"

"கேட்டாங்க, குடுத்துட்டான்."

"செவுரு உழுந்துருச்சுங்களா?"

"வெள்ளைக்காரன் ஊருக்குப் போற வரைக்கும் உழுகலை."

இதை நான் அன்று ஒரு நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அது உண்மையிலேயே நினைவா, அல்லது இன்றைய பயம் அன்றைய அவள் முகத்தை மாற்றி வரைகிறதா என்று நிச்சயமில்லை. இன்னொன்றும் அப்படித்தான். ஓவர்சியர் பள்ளிக்கு வரும்போதெல்லாம் ஜீப்பைச் சுவருக்கு மேலே உள்ள ரோட்டுக்குக் கொண்டுவராமல், தூரத்திலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்து வருவார். கேட்டால், "நடந்தா ஒடம்புக்கு நல்லது" என்பார். எல்லாச் சுவரையும் தட்டும் அந்த மனிதர் பள்ளிச் சுவரைத் தட்டி நான் பார்த்ததில்லை. நான் பார்க்காத நேரத்தில் தட்டியிருக்கலாம்.

அடுத்த வருடம் அவருக்கு மாறுதல் வந்தது. போவதற்கு முன் அப்பாவிடம் பேசி என்னை நாமக்கல்லில் விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்கச் சம்மதிக்கச் செய்தவரும் அவர்தான். விடுதியில் என்னை இறக்கிவிட்டதும் துறையின் ஜீப்தான்.

நான் படித்து முடித்து, கல்யாணமாகி, இதே ஊருக்கு வந்துவிட்டேன். மகள் அதே பள்ளி வளாகத்தில் உள்ள அங்கன்வாடிக்குப் போய்வந்தாள். போன ஐப்பசியில் அவளை அழைத்துவரக் குடையோடு நின்றிருந்தேன். அன்று விடாத மழை. ரோட்டோரச் சுவர்களில் எல்லாம் குழாய்கள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தன. பள்ளிச் சுவரில் ஒன்றுகூட வடியவில்லை. சுவரின் அடியில் மட்டும் மண் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. சுவரின் நடுப்பகுதி கொஞ்சம் முன்னால் வந்திருப்பதுபோல இருந்தது. மகள் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை எடுத்துக் குழாய்க்குள் விட்டு விளையாடினாள். குச்சி ஒரு ஜாண் போய் நின்றது. நான் வாங்கி விட்டுப் பார்த்தேன். மண் அடைத்திருந்தால் மெத்தென்று இருக்கும். கல்லில் பட்டதுபோல 'டக்' என்றது. எட்டும் உயரத்தில் இருந்த எல்லாக் குழாய்களிலும் விட்டுப் பார்த்தேன். எல்லாமே ஒரே ஆழம். மகள், "அம்மா, எனக்குக் குடும்மா" என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்குத்தான் அந்தப் பிளாஸ்டிக் தூள் எனக்கு நினைவுக்கு வந்தது.

துறையின் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். புதிதாக வேலைக்கு வந்த ஓர் இளம் பொறியாளர் மரியாதையாகக் கேட்டார். நேரிலும் வந்து பார்த்தார். ஆட்களை விட்டுக் குழாய் வாய்களைச் சுத்தம் செய்யச் சொன்னார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். நான் மறுபடியும் போய் நின்றேன். அவருக்குக் கொஞ்சம் அலுப்புத் தட்டியது.

"ஏனுங் மேடம், உள்ள குழாயே இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னாங்க?"

நான் குச்சி நின்ற ஆழத்தை மறுபடியும் கையால் அளந்து காட்டினேன்.

"வெறும் சந்தேகத்துக்கு ஒரு அரசாங்கச் சுவத்தை நான் உடைச்சுப் பாக்க முடியாதுங்க. கட்டுனப்ப இருந்தவங்க யாராவது சொன்னாங்கன்னா, யாரு, என்ன சொன்னாங்கன்னு எழுதிக் குடுங்க. அதை வெச்சு மேல அனுமதி கேப்பேன். நானே கூட நின்னு தோண்டிப் பாக்கறேன்." பிறகு குரலைத் தணித்து, "எனக்கும் பயந்தான். எழுத்துல இருந்தா எனக்கும் ஒரு பிடிமானம்" என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். அவள் பின்புறக் குழாயில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்தக் கொழா எங்கிருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன?" நிமிராமலே சொன்னாள். "இந்தத் தண்ணியிலதான் நீ குளிச்சு வளந்தே. தெருவே வளந்துச்சு. இப்ப என்னத்துக்கு அது?"

"பள்ளிக்கூடத்துச் செவுரும்மா."

"உழுகாது. இத்தன வருசமா நிக்குது பாரு." சட்டியைக் கவிழ்த்தாள். "உங்கப்பன் கடைசி மட்டும் நடந்துட்டு இருந்தது யாரால? நீ அவரு மேல எழுதிக் குடுக்கப் போறியா? அவருக்கு நாம பண்ற மருவாதி அதுதானா கண்ணு?"

போன மாதம் அவரையே போய்ப் பார்த்தேன். பஸ்ஸில் வளைவுகளில் மகள் இரண்டு தடவை வாந்தியெடுத்தாள். ஒரு பலாப்பழம் கொண்டுபோயிருந்தேன். ஓய்வுபெற்று, மலைக்குக் கீழே ஒரு சிறிய வீட்டில் இருக்கிறார். முடி முழுக்க நரைத்துவிட்டது. மஃப்ளர் இல்லை. வாசலில் நின்ற என்னைச் சட்டென்று அடையாளம் கண்டு, "அடடே, வா கண்ணு! சரித்திரப் பரீட்சைக்காரி!" என்றார்.

அவர் மனைவி எண்ணெய் தடவிய கையால் பலாச்சுளை எடுத்து மகளுக்கு ஊட்டினார். என் அப்பா காலமானதை ஓவர்சியரிடம் சொன்னேன். அவர் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"சாமி எந்தப் பள்ளிக்கூடம் போகப்போகுது?"

"நம்ம ஊருப் பள்ளிக்கூடந்தானுங்க சார். ஜூன்ல ஒண்ணாவது. கடைசி ரூம்பு."

"அந்தச் செவுத்தோரமா?"

சுவரைப் பற்றி நான் அதுவரை ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"அங்க வேண்டாம்" என்றார். எதிரில் இருக்கும் முகத்தைவிட்டு அகலாத அந்தக் கண்கள் அப்போது தரையைப் பார்த்தன. "அங்க வேண்டாங் கண்ணு. இங்க கொண்டாந்து உட்டுரு. எங்க ஊட்டுலயே இருக்கட்டும். பக்கத்துலயே நல்ல பள்ளிக்கூடம் இருக்குது. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம்."

அவர் மனைவி வியந்து சிரித்தார். "பாருங்க, பேத்தி கெடைச்சுட்டா இவருக்கு."

நான் கேட்டுவிட்டேன். எப்படித் தைரியம் வந்ததோ தெரியாது. "சார், அந்தச் செவுத்துல கொழா உள்ள முச்சூடும் போகுதுங்களா?"

"வெள்ளைக்காரன் காலத்துல..." என்று ஆரம்பித்தார்.

"ஆரம்பிச்சுட்டாரு!" என்றார் மனைவி.

ஆனால் அவர் மேலே போகவில்லை. மகளின் கையில் ஒட்டியிருந்த பலாப்பிசினைத் தன் வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிசின் போகவில்லை. கடைசியில், "அந்த ஓவர்சியருக்கு வயசாயிருச்சு சாமி. அவனுக்கு ஒண்ணும் ஞாபகமில்லை" என்றார்.

திரும்பும் பஸ் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைய மட்டும் அங்க உக்கார வெக்காத" என்று மறுபடியும் சொன்னார்.

என் கணவர் இதைக் கேட்டுவிட்டு, "அவரே சொல்லிட்டாரில்ல? வேன் வெச்சு வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிரலாம் புள்ள. வயசான மனுசனை விசாரணை அது இதுன்னு இழுக்க வேண்டாம். பென்ஷனை நிறுத்திட்டாங்கன்னா அந்தம்மா மருந்துக்கு எங்க போகும்?" என்றார். பென்ஷன் நின்றுபோகும் என்பது உண்மையாக இருக்கலாம். விசாரித்துப் பார்க்கவும் எனக்குப் பயமாக இருக்கிறது.

என் மகளை அந்த அறையில் உட்காரவைக்கமாட்டேன். அது முடிவாகிவிட்டது. ஆனால் அவளோடு அங்கன்வாடியில் ஒரே பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஜூன் மாதம் அந்த அறைக்குத்தான் போகிறார்கள். அறையை மாற்றுங்கள் என்று பள்ளியில் கேட்டேன். மற்ற அறைகளில் இடமில்லை, சுவர் சரியாக இருப்பதாகத் துறையே சொல்லிவிட்டதே என்றார்கள். அக்கம்பக்கத்துத் தாய்மார்களிடம் சொன்னேன். "உனக்கு எப்படிடி தெரியும்?" என்கிறார்கள், அந்தப் பொறியாளரைப் போலவே. காரணத்தைச் சொன்னால் அவர் பெயரைச் சொன்னதாகிவிடும். கண்முன்னால் நின்றவர்களை மட்டும் அவர் காப்பாற்றினார், மற்றவர்களைப் பனிக்குள் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். பிறகு, என் பிள்ளையை மட்டும் வேனில் ஏற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டால் நான் செய்வது என்ன என்றும் நினைக்கிறேன்.

மனுவை எழுதி வைத்திருக்கிறேன். யார், என்ன சொன்னார் என்ற பகுதியை மட்டும் எழுதவில்லை. ஒருவேளை என் ஞாபகமே தவறாக இருந்தால்? சிரிப்பதற்காக ஒரு மனிதர் சொன்ன கதையை வைத்து, எங்கள் வீட்டுக்கு நல்லதே செய்தவரை நான் அதிகாரிகள் முன் கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்றால்? சுவரை உடைத்துப் பார்த்து, குழாய்கள் முழுசாக இருந்துவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? உடைக்காமல் விட்டு, வேறு ஏதாவது நடந்துவிட்டால்?

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள். அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களும் இருக்கலாம். அவர் பெயரையும் அந்தக் கதையையும் நான் எழுதிக் கொடுக்கலாமா? அவரிடமே இன்னொரு முறை போய், நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று காலில் விழுந்து கேட்கலாமா? பெயரில்லாமல் ஒரு சுவரை உடைக்கவைக்க உங்களில் யாருக்காவது வழி தெரியுமா? எனக்குச் சொல்லுங்கள். நான் கோழை என்று நினைத்தாலும் அதையும் எழுதுங்கள், வருத்தப்படமாட்டேன். பள்ளி திறப்பதற்குள் பதில் வந்தால் நல்லது. முடியாவிட்டால், மழை பிடிப்பதற்கு முன்னாலாவது வரட்டும்.